இடப்பக்கம் ஒரு சொடுக்கு

எந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அதில் கை வைக்கிறவன் மடையன் என்று திக்லிபூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். மின்சாரத் துறையில் ஜெனரேட்டர் ஆபரேட்டர் வேலை. ஊரில் பழுதாகும் எந்தப் பெட்டிக்கும் நான்தான் வைத்தியன். வாயும் கொஞ்சம் நீளம். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை என் வாயாலேயே சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். வடக்கு அந்தமானுக்கு அப்போது சாலை கிடையாது. அரிசியோ ஆளோ டீசலோ, எது வந்தாலும் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏரியல் பே ஜெட்டியில் வந்து நிற்கும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதை மாலை ஆறே முக்காலுக்கு ரேடியோவில் சொல்வார்கள். பாட்டு, நாடகம், விவசாயம் எல்லாம் மற்ற ஊர்க்காரர்களுக்கு. எங்களுக்கு ரேடியோ என்றால் கப்பல் செய்தி.

அந்தத் தடவை கப்பலில் என் மனைவி நீலாவதி இருந்தாள். பிரசவத்துக்காக ஆவணியிலேயே போர்ட் பிளேர் போய், அங்கே டாலிகஞ்சில் என் அக்கா பொன்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். பெண் குழந்தை. முப்பத்தெட்டு நாள் ஆகிறது, நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. பெயரைக்கூட வந்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஏறுகிறேன் என்று தந்தி வந்தது. புதன்கிழமை வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை கப்பல் வரவில்லை, காற்று வந்தது. வியாழக்கிழமை முழுதும் தென்னை மரங்கள் தரையைத் தொட்டுத் தொட்டு நிமிர்ந்தன. போலீஸ் ஸ்டேஷன் வயர்லெஸ் கம்பம் இரண்டாக முறிந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை காற்று அடங்கி மழை மட்டும் மிஞ்சியபோது, ஊருக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு பேச்சு மூச்சும் இல்லை. கப்பல் எங்கே என்று கேட்க ஆளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. எனக்கு மூன்று நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பஜாரில் சொக்கலிங்கம் அண்ணாச்சிக்கு மளிகைக் கடை. பின்கட்டில் மைக் செட். தூத்துக்குடிப் பக்கத்து மனுஷர். கல்யாணமோ காளி பூஜையோ, அவருடைய குழாயைக் கட்டாமல் விசேஷம் நடக்காது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய் இரண்டு, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று. இவை போக, கடை மேசைமேல் பெரிய வால்வு ரேடியோ. ஊரில் நாலைந்து டிரான்சிஸ்டர் உண்டுதான். மழைக்காலத்தில் அவற்றில் போர்ட் பிளேர் எடுக்காது, வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் வரும். அண்ணாச்சி ரேடியோவுக்கு மட்டும் நாற்பதடி ஏரியல் கம்பி.

கப்பல் செய்தியை டேப்பில் பிடித்துவைப்பது என் யோசனை. காளிகாட், கிஷோரிநகர் என்று தூரத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் ஏழு மணிக்குத்தான் வந்து சேர்வார்கள். அதற்குள் செய்தி முடிந்திருக்கும். ஒவ்வொருவரும் வந்து கேட்க, அண்ணாச்சி பதில் சொல்லிச் சொல்லி வாய் நோகும். அதனால் கப்பல் வருகிற செய்தி சொல்லும் நாளில் டேப்பின் சின்ன மைக்கை ரேடியோ முன்னால் வைத்துப் பிடித்துக்கொள்வோம். பிந்தி வருகிறவனுக்கு அதைப் போட்டுக் காட்டுவோம். அடுத்த கப்பலுக்கு அதே டேப்பில் அதன்மேலேயே பிடிப்போம். அண்ணாச்சி சிக்கனக்காரர், ஒரே ஸ்பூலில் ஒரு வருஷத்துக் கப்பல் வந்து போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கூரைமேல் ஏறி, புதன்கிழமைக் காற்றிலேயே அறுந்து கிடந்த ஏரியலைக் கட்டினேன். கீழே அதற்குள் நூறு பேர். பொழுது சாய்வதற்குள் முந்நூறு ஆகும் என்று தெரிந்துவிட்டது. தகரக் கூரைமேல் மழை பெய்தால் மேசை ரேடியோவின் குரல் முதல் வரிசையைத் தாண்டாது.

"ஏலே பன்னீரு, ரேடியோவ மைக் செட்டுல மாட்ட முடியுமா? குழாய்ல வந்தா ஊருக்கே கேக்கும்லா" என்றார் அண்ணாச்சி.

"முடியாதுன்னு நான் எதையாவது சொல்லியிருக்கேனா அண்ணாச்சி" என்றேன். பாருங்கள், மனைவியும் குழந்தையும் கடலில் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாத நிலையிலும் என் வாய் அடங்கவில்லை.

கல்யாண வீடுகளுக்காக நான் ஏற்கெனவே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். படாக் மரத்தில் கையகலப் பெட்டி. பின்னால் மூன்று கம்பி உள்ளே போக இடம் உண்டு, ஒரு கம்பி ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். முன்னால் ஒரு திருகு. நடுவில் நின்றால் ரெக்கார்டு, இடப்பக்கம் ஒரு சொடுக்குத் திருப்பினால் டேப், வலப்பக்கம் ஒரு சொடுக்கு காலியாக இருந்தது. அதில் ரேடியோவைச் சேர்த்தேன். பெயர் எழுதி ஒட்டு என்று அண்ணாச்சி பலமுறை சொல்லியிருக்கிறார். எழுதி ஒட்டுவது தெரியாதவனுக்கு, என் கைக்கே தெரியும் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

ரேடியோவின் முதுகில் வெளி ஸ்பீக்கருக்கு ஒரு துளை உண்டு. அதில் ப்ளக் முள்ளைச் செருகினால் உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும், சத்தம் கம்பி வழியே மட்டும் போகும். அந்தக் கம்பியிலேயே ஒரு கிளை பிரித்து டேப்புக்கும் கொடுத்தேன். இந்தத் தடவை மைக் வேண்டாம், நேராகவே டேப்பில் ஏறட்டும் என்று. அண்ணாச்சியிடம் சொன்னேன்: "நான் சொல்றப்ப டேப்புல செவப்புக் கட்டையையும் பக்கத்துக் கட்டையையும் ஒண்ணா அமுக்கணும். ஒண்ண மட்டும் அமுக்கினா பதிவாகாது, பழசுதான் பாடும்."

"எத்தன தடவ அமுக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா" என்றார்.

டீசலும் கப்பலில்தான் வரவேண்டும் என்றேன் அல்லவா, ஜெனரேட்டர் வீட்டில் ஒரு பீப்பாய்க்கும் குறைவாகத்தான் மிச்சம். ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு ஊருக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் கரண்ட், ஆறேகாலிலிருந்து ஏழேகால் வரை. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் டேப்பும் மூச்சு விடுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஆறே முக்கால் செய்தியைத் தவறவிட்டால் அடுத்த நாள் சாயங்காலம் வரை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடை முன்னால் குடை, கோணி, வாழையிலை என்று தலைமேல் எதையாவது பிடித்துக்கொண்டு கூட்டம் நின்றது. வங்காளிகள், தெலுங்கர், ராஞ்சிக்காரர், நம்மவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். சத்தமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முன்னால் அலமு நின்றாள். எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு. காட்டிலாகாவில் கிளார்க்காக இருந்த உதயசூரியனின் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். அவனும் ஆபீஸ் வேலையாகப் போர்ட் பிளேர் போய் அதே கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னிக்குச் சொல்லிருவாங்கல்ல?"

"சொல்லாம எங்க போவாங்க. நீ உள்ள வந்து நில்லு, நனையாத."

அவளுக்குப் பின்னால் மண்டல் நின்றார். காளிகாட் விவசாயி, ஏரியல் பேயில் அவருக்கு ஒரு என்ஜின் டோங்கி உண்டு. எங்கள் ஊரில் படகை டோங்கி என்போம். கண் வைத்தியத்துக்குப் போன அவர் மனைவியும் கப்பலில். "பன்னீர் பாபு, கபர் நஹி ஆயா தோ சுபா நிகல்தே ஹைன்" என்றார். செய்தி வராவிட்டால் விடியும்போது கிளம்பிவிடுவதாம். இரண்டு டோங்கி ஏற்பாடாகியிருந்தது. கரையோரமாகவே தெற்கே போய்க் கப்பலைத் தேடுவது, தண்ணீரும் அவலும் கொண்டுபோவது என்று திட்டம். அப்படிக் கொந்தளிக்கிற கடலில் டோங்கியை இறக்குவது தற்கொலைக்குச் சமம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

ஆறேகாலுக்கு உதவியாளை ஜெனரேட்டரில் நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடிவந்தேன். பல்புகள் மஞ்சளாக எரிந்தன. திருகை நடுவில் வைத்து ரெக்கார்டு ஒன்றைப் போட்டேன், குழாய் இரண்டும் கணீரென்று பாடின. உடனே எடுத்தேன், அந்த நேரத்தில் பாட்டு காதில் ஈயம் ஊற்றுகிற மாதிரி இருந்தது. வலப்பக்கம் திருப்பினேன். ரேடியோ இரைந்தது. இரைச்சலுக்கு அடியில் போர்ட் பிளேரின் ஷெனாய் மெல்லக் கேட்டது. ஏரியல் வேலை செய்கிறது. எனக்கு உயிர் வந்தது. குழாயில் அந்த இரைச்சல் காதைப் பிளந்ததால் செய்தி நேரம் வரை வேண்டாம் என்று திருகைத் திரும்ப நடுவில் நிறுத்திவைத்தேன்.

ஆறு நாற்பதுக்குப் பல்புகள் மங்கின. ரேடியோவின் பச்சைக் கண் விளக்கு சுருங்கியது. ஜெனரேட்டர் திணறுகிறது.

நான் ஓடிய ஓட்டத்தை நாய்கூட ஓடாது. இருநூறு கஜம், சேறு, இருட்டு. டீசல் குழாயில் தண்ணீர் கலந்திருந்தது. வடிகட்டியைத் திறந்து வடித்து, காற்றை வெளியேற்றி, வேகத்தைச் சரி செய்வதற்குள் என் கைக்கடிகாரத்தில் ஆறு நாற்பத்து நான்கு. திரும்ப ஓடினேன். கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு மேசைக்குப் போனேன். கை முழுக்க டீசல், கண்ணில் மழைத் தண்ணீர்.

"லே, மணியாச்சு, மணியாச்சு" என்று அண்ணாச்சி பறந்தார்.

திருகைப் பிடித்தேன். ஒரு சொடுக்குத் திருப்பினேன். குழாயில் இரைச்சல் வரவில்லை. நிலையம் சுத்தமாகக் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, செய்திக்கு முன்னால் ஒரு நிமிஷ மௌனம் விடுவார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கைக்கே தெரியும் என்று பீற்றிக்கொண்ட கை அது.

"அமுக்குங்க அண்ணாச்சி."

அமுக்கினார். இரண்டு நொடி கழித்துக் குழாயில் அந்தக் குரல் எழுந்தது. எங்களுக்கெல்லாம் பழகிய ஆண் குரல், பழகிய ஹிந்தி. வழித் துறைமுகமான மாயாபந்தரிலிருந்து புறப்பட்ட கப்பல் நாளை காலை ஏழு மணிக்கு ஏரியல் பே வந்து சேரும், பயணிகளை அழைத்துப் போக வருபவர்கள் ஜெட்டியில் கூட்டம் போட வேண்டாம். அவ்வளவுதான். எப்போதும் சொல்வதும் அவ்வளவுதான்.

கூட்டம் வெடித்தது. காளி மாதாவுக்கு ஜே என்றார்கள், முருகா என்றார்கள். குடைகள் மேலே பறந்தன. மண்டல் பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரரைக் கட்டிக்கொண்டார். அலமு அப்படியே சேற்றில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆம்ப்ளிஃபயர்மேல் தலையை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒரு குழந்தையை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போது குழாயில் இன்னொரு குரல் பேசியது. "சீனி இல்லேங்கேன். கப்பல் வந்தாத்தான்."

அது சொக்கலிங்கம் அண்ணாச்சியின் குரல். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணாச்சி எனக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

இரைச்சலில் கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் கேட்டது. டேப் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டை மேலேயே நின்றது, பக்கத்துக் கட்டை மட்டும் அமுங்கியிருந்தது. திருகைப் பார்த்தேன். இடப்பக்கம். போன கப்பலுக்கு மைக் வைத்துப் பிடித்த செய்தி அது. அன்றைக்குச் சீனி கேட்டு வந்தவருக்கு அண்ணாச்சி பதில் சொன்னதும் அதோடு பதிவாகியிருந்தது.

திருகை வலப்பக்கம் இரண்டு சொடுக்குத் திருப்பினேன். ரேடியோ இரைச்சலோடு வந்தது. யாரோ உருளைக்கிழங்கு விதைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி முடிந்துவிட்டது. கப்பலைப் பற்றி நிஜமாக என்ன சொன்னார்களோ, அது என் கம்பி வரை வந்து, நான் திருப்பிய திருகில் முட்டி, யார் காதிலும் விழாமல் போய்விட்டது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அடுத்த நாள் சாயங்காலம் வரை எங்களுக்குக் கிடையாது.

அண்ணாச்சி டேப்பை நிறுத்தினார். என்னைக் கடைக்குள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ தப்பாத் திருப்பிட்டியாலே."

"நீங்க ஒரு கட்டைய விட்டுட்டீங்க. ரெண்டையும் அமுக்கியிருந்தா குழாய்ல ஒண்ணுமே வந்திருக்காது. நான் உடனே கண்டுபிடிச்சிருப்பேன்."

"சரி, ரெண்டு பேருந்தான். இப்ப என்ன செய்ய?" குரலைத் தாழ்த்தினார். "வாய மூடிட்டு இரு. மூணு நாளா ஊரு தூங்கல. இன்னிக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டுமே. நாளைக்குக் கப்பல் தானா வரும், பாத்துக்க. வந்துட்டா யாருக்குத் தெரியப் போவுது."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் என் மானம் போகும், அடி விழும் என்பது ஒரு பக்கம். நானே அந்தப் பொய்யை விட மனமில்லாமல் இருந்தேன் என்பதுதான் பெரிய பக்கம். நாளை ஏழு மணிக்கு நீலாவதி ஜெட்டியில் இறங்குவாள் என்று இரண்டு நிமிஷம் நம்பியிருந்தேன். அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

கடைக்குள் அலமு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சேறு, சிரிப்பு. "அண்ணே, நீலாக்காவுக்குப் பத்தியச் சாப்பாடு நான் ஆக்கிடுறேன். வெள்ளப்பூண்டு இருக்கு. நீங்க ஒண்ணும் அடுப்புகிட்டப் போகாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் போனாள்.

அவளுக்குப் பின்னால் மண்டலின் குரல் கேட்டது. டோங்கிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சோடோ பாய், கல் ஜானா நஹி ஹை. ஜஹாஜ் ஆ ரஹா ஹை." விடுங்கள், நாளைக்குப் போக வேண்டாம், கப்பல்தான் வருகிறதே.

கப்பல் எங்கேயாவது பாறையில் ஏறி நிற்கிறது என்றால்? தண்ணீர் இல்லாமல் என் குழந்தையின் நாக்கு வறண்டுபோய்க் கிடக்கிறது என்றால்? தேடிப் போக இந்தக் கரையில் இருந்ததே இரண்டு டோங்கிதான். அந்த இரண்டையும் நான் இப்போது கட்டிப்போட்டுவிட்டேன்.

"விடுங்க அண்ணாச்சி" என்று அவர் கையை உதறினேன். அவர் மறுபடி பிடிக்கவில்லை.

மேசைக்கு வந்து மைக்கை எடுத்து ஆன் செய்தேன். குழாய் கரகரத்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ பாட்டுப் போடப் போகிறேன் என்று சிலர் சிரித்தார்கள்.

ஹிந்தியில் சொன்னேன். நீங்கள் கேட்டது போன கப்பலின் செய்தி. டேப்பில் இருந்தது. நான் தவறுதலாக அதைப் போட்டுவிட்டேன். இன்றைய செய்தியை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அதையே தமிழில் சொன்னேன். அலமுவுக்காகத்தான் சொன்னேன், அவளுக்கு ஹிந்தி அரைகுறை.

ஒரு செருப்பு வந்து ஆம்ப்ளிஃபயர்மேல் விழுந்தது. யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். முதுகிலும் முகத்திலும் இரண்டு மூன்று அடி விழுந்தது. நான் தடுக்கவில்லை. மண்டல்தான் நடுவில் புகுந்து அவர்களைப் பிரித்தார். என்னைப் பார்க்காமலே டோங்கிக்காரர்களிடம் போய், நாலு மணிக்கு ஜெட்டியில் இருங்கள் என்றார்.

அலமு என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"இதுக்கு நீ பேசாமலே இருந்திருக்கலாம்" என்றாள். அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. "உன் கை விளங்காமப் போக. உன் டேப்பும் குழாயும் நாசமாப் போக."

ஏழேகாலுக்குக் கரண்ட் போயிற்று. நிறுத்த வேண்டிய ஆள் நான்தான், நானே போய் நிறுத்தினேன்.

விடிவதற்கு முன்னால் ஏரியல் பேயில் டோங்கி கிளம்பியபோது யாரும் என்னிடம் பேசவில்லை. என்னை ஏற்றிக்கொண்டதே பெரிது. முனையைத் தாண்டியதும் அலை வீடு உயரத்துக்கு எழுந்தது. நான் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்தேன். பலகையைப் பிடித்த கையை விடாமல், தெரிந்த சாமியையும் தெரியாத சாமியையும் கூப்பிட்டேன். எனக்குச் சாவு வந்தால் வரட்டும், அவர்கள் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் அது அழகாக இருக்கும். அப்படி வேண்டவில்லை. எல்லாரும் பிழைக்க வேண்டும், நானும் பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

எட்டரை மணி இருக்கும். மண்டல் எழுந்து நின்று கையை நீட்டினார். தெற்கே, மழைத் திரைக்குப் பின்னால், புகை. அதன் அடியில் கப்பல். நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி மெல்ல மெல்ல எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் நின்றவர்கள் கையாட்டினார்கள். டோங்கியில் யாரும் ஜே போடவில்லை. முந்தின நாள் ஒரு தடவை போட்டுத் தீர்த்துவிட்டார்கள் போல. மண்டல் மட்டும் உட்கார்ந்து, வெற்றிலை மடித்து, முதல் தடவையாக என்னிடம் நீட்டினார்.

கப்பலுக்குப் பின்னாலேயே நாங்களும் திரும்பினோம். ஜெட்டியில் ஊரே நின்றது. எங்கள் டோங்கி கட்டப்படுவதற்குள் நான் குதித்து, முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினேன். ஏணிப் பலகையில் நீலாவதி இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். தோளில் துணி மூட்டை மாதிரி ஒன்று. அதை என் கையில் கொடுத்தாள். கனமே இல்லை. முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோடும் எனக்குப் பேச்சில்லை என்கிற மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் சொட்டுகிற கையால் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"என்னங்க இது, இப்படி நனைஞ்சு, முகமெல்லாம் வீங்கி" என்றாள் நீலாவதி. "டோங்கியில எதுக்கு வந்தீங்க? அதான் ரேடியோவுல சொல்லிட்டாங்கல்ல."

குழந்தையின் துணியை இழுத்து மூடினேன்.

"என்ஜின் பழுதாகி ஒரு தீவு மறைவுல நங்கூரம் போட்டுட்டாங்க. முதல்ல நான் ரொம்பப் பயந்துட்டேன். குழந்தைய நெஞ்சோட கட்டிக்கிட்டு ரெண்டு ராத்திரி கண்ண மூடல. நேத்து சாயங்காலம் கேப்டன் வந்து சொன்னார், போர்ட் பிளேருக்கு வயர்லெஸ்ல சொல்லியாச்சு, எல்லாரும் பத்திரம்னு ஆறே முக்கால் செய்தியில படிக்கிறாங்க, வீட்ல இருக்கறவங்க கேட்டுடுவாங்கன்னு. எனக்கு உயிரே வந்தது. நீங்க அண்ணாச்சி கடையில நின்னு கேட்டுட்டு இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் படுத்துத் தூங்கினேன். விடியறதுக்குள்ள என்ஜினும் சரியாயிடுச்சு." என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல?"

முந்நூறு பேருக்கு முன்னால் மைக் பிடித்து உண்மை சொன்னவன் நான். அடுத்த தெருவுக்குப் போவதற்குள் ஊர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுடைய அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தின்மேல் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"கேட்டேன்" என்றேன்.

பக்கத்தில் அலமு உதயசூரியனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பினாள். இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"நல்லாக் கேட்டுச்சு நீலாக்கா" என்றாள். "அண்ணன் குழாய் கட்டி வச்சிருந்தாரு. ஊருக்கே கேட்டுச்சு."

சொல்லிவிட்டுப் புருஷனின் டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் லாரியை நோக்கி நடந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.